துக்கப் பல்லிக்கு யார் பொறுப்பு?

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாக ஜெயபுஷ்பத்துக்கு ஒரே வேலை. ஜோடியைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பது, கூடவே தன் நம்பர் அச்சிட்ட சீட்டைப் போடுவது, மூடி டேப் ஒட்டுவது. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை நர்சிங் வரை கொண்டுவந்தது அந்த டேப்தான்.

போன மாதம் வெளிநாட்டுக் கடையில் ஒரு பெட்டியைத் திறந்தார்கள். இடது ஷூவுக்குள் செத்த பல்லி, நடுவிரல் நீளம். பல்லியையும் சீட்டையும் சேர்த்து போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்பினார்கள். நிர்வாகம் நடுங்கியது. தோலை உரித்தே பிழைக்கும் ஊரிலிருந்து தோலோடு ஒரு பிராணி போய்விட்டதே!

மனிதவள மேலாளர் ஹேமந்த் கூப்பிட்டு, “உட்காரும்மா” என்றார். அந்த அறையில் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கமில்லை. வேலை போகப்போகிறது என்று ஜெயபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது.

“சார், இது நம்மூரு பல்லியே இல்ல. நம்மூருது இன்னும் குண்டா இருக்கும்.”

“பல்லில இன்னாம்மா நம்மூரு, வெளியூரு?”

ஆனாலும், காட்பாடியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் தன் தோஸ்துக்கு போட்டோவை அனுப்பினார். அரை மணியில் பதில். பசிபிக் பக்கத்துத் தீவுப் பல்லி. வெள்ளைக்காரன் வைத்த பெயர் துக்கப் பல்லி. அநேகமாக எல்லாம் பெண். ஆண் துணையில்லாமலே முட்டையிடும். இந்தப் பக்கம் கிடையாது, கப்பல் போன வழியில் ஏறியிருக்கும்.

“உன்ன மாதிரிதாம்மா. ஆம்பள இல்லாமலே குடும்பம் நடத்துது” என்று ஹேமந்த் சிரித்தார். தப்பித்தோம் என்று ஜெயபுஷ்பமும் சிரித்துவைத்தார்.

“அப்ப நான் வைக்கல இல்ல சார்?”

“நீ வைக்கல. வழியில ஏறிச்சு. ஏற சந்து விட்டது யாரு? டேப் சரியா ஒட்டல.”

உள்ளூர்ப் பல்லியென்றால் உள்ளே விட்ட குற்றம், வெளியூர்ப் பல்லியென்றால் ஓட்டை விட்ட குற்றம். விஞ்ஞானம் இவ்வளவு சுறுசுறுப்பாக எங்கள் பக்கம் வேறெதையும் நிரூபித்ததில்லை.

“டேப் ஜாஸ்தி ஆவுது, ஒரு சுத்து போதும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“எழுத்துல குடுத்தேனா?”

எழுத்தில் கொடுக்கவேண்டியவர் ஜெயபுஷ்பம். ‘தவறு என்னுடையது, நானே விலகுகிறேன்’ என்று ஹேமந்த் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீ நேரம். பக்கத்து மேஜை அன்வரி பேகம் கேட் வரைக்கும் ஓடி வந்தார். “இன்னாடி ஆச்சு?”

“பல்லி மேல தப்பில்லன்னு ஆயிடுச்சுக்கா.”

பகல் பதினொன்றுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ஜெயபுஷ்பம் நெடுஞ்சாலை வரை வெயிலில் நடந்தார்.