வியாழக்கிழமைப் பாரம்

அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். முன்னால் லொறிக்குப் போதுமான எஞ்சின், பின்னால் மாட்டுவண்டி போல இரண்டு கட்டு ஸ்பிரிங் தகடுகள். இத்தாலியில், பலெர்மோவின் சந்துகளில் திரும்பவே திரும்பாது. காரின் சொந்தக்காரர் அது போதாதென்று இன்னும் அகலமான பின் டயர்களை வாங்கிப் போட்டிருந்தார். ஒடுக்கமானதைப் போடுங்கள் என்றால் முகம் செத்தவீட்டு முகமாகிவிடும்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கராஜில் ஒன்பது வருடம் கார் கழுவினேன். மன்னாரில் பஸ் டிப்போவில் ஸ்பானர் பிடித்தவன் என்று சொன்னால் முதலாளி சிரிப்பார். அவருடைய மெக்கானிக் வேலையை விட்டு நின்றுபோன பிறகுதான், வேறு வழியில்லாமல், அந்தக் காரின் பின்பக்கத்தை என்னிடம் விட்டார். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றியிருந்த தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி, டயருக்கும் அதை மூடிய மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வரச்செய்து கொடுத்தேன்.

நாலாம் நாள் கார் திரும்பி வந்துவிட்டது. மகளை ஏற்றிக்கொண்டு கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோ வளைவில் திரும்பியபோது இடது டயர் மட்காட்டில் உரசியதாம். காருக்குள் ரப்பர் கருகிய மணமாம். சொந்தக்காரர் கத்தினார். சனிக்கிழமை அந்த மகளுக்குக் கலியாணம். விருந்து ஸ்ஃபெர்ராகவால்லோவில். இதே காரில் நாலு பேர் போக வேண்டும்.

மட்காட்டின் விளிம்பை வெட்டிவிடலாம் என்றார் முதலாளி. வெட்டினால் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோவேன் என்றார் சொந்தக்காரர்.

அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம். சரிவராட்டி வாளியும் தண்ணியும்தான். பிறகு ஸ்பானரைத் தொடாதை."

காரைத் தூக்கிப் பார்த்தேன். பிழை யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முதல் தரம் காரைத் தூக்கி, டயரோடு சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கியிருந்தேன். அப்படி இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் முறுகி, அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். நான் அளந்த இரண்டு விரல் இந்தப் பொய் உயரம். நாலு நாள் ஓடியதில் ரப்பர் கிழிந்து, கார் இறங்கி, வளைவில் சில்லு பக்கவாட்டில் நகர்ந்து உரசிவிட்டது. டிப்போவில் முதல் கிழமையே படித்த பாடம். அவசரப்பட்ட என்னை நானே நல்லாக ஏசிக்கொண்டேன்.

திரும்பவும் புதுப் புஷ் போட்டேன். இந்த முறை நாலு சில்லும் நிலத்தில் நிற்க, உள்ளே பாரம் இருக்க, கீழே கராஜ் நிலத்தில் வெட்டிய குழிக்குள் நின்று இறுக்க வேண்டும். மணல்மூட்டை வை என்றார் முதலாளி. அந்தப் பழைய தோல் சீட்டில் மணல் கொட்டினால் சொந்தக்காரருக்கு நெஞ்சுவலி வரும். எனக்கு ஆட்கள் வேண்டும்.

இந்த ஊரில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரம் லீவு. எங்கள் பெண்கள் அன்றுதான் மாதா கோயிலில் பாட்டுப் பழகுவார்கள். மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"கலியாணக் காரிலை சும்மா குந்தியிருக்கவோ? ஒருநாளும் கூப்பிடாத மனுசன் இதுக்குக் கூப்பிடுறார்" என்றாள். ஆனாலும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நான் குழிக்குள் இறங்கினேன்.

"அண்ணை, எங்களை அரிசி மூட்டையெண்டே நினைச்சியள்?" என்றாள் பின்சீட்டில் இருந்த ஒருத்தி.

"ஓம். வாய் இல்லாத மூட்டையெண்டால் இன்னும் நல்லம்."

"கேட்டியளே அக்கா, உங்கடை மனுசன்ரை கதையை!"

"வீட்டிலையும் உந்தக் கதைதான்" என்றாள் என் மனைவி.

"நிறை மட்டும் கேட்டால் நான் இறங்கிப் போயிடுவன், சொல்லிப்போட்டன்" என்றாள் இன்னொருத்தி.

"ஒருத்தற்றை நிறையும் எனக்கு வேண்டாம். சிரிச்சு ஆட்டாதேங்கோ!"

அதற்கும் சிரித்தார்கள். கார் என் தலைக்கு மேல் ஆடியது. ஓயும்வரை நின்று, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு மட்காட்டின் உள்விளிம்பு முழுக்கப் பள்ளிக்கூட வெள்ளைச் சோக்குப் பூசினேன். டயர் தொட்டால் கறுப்பில் வெள்ளை பதியும். பின்னால் மூன்று பேரை நெருக்கி இருத்தி, என்னோடு ஐந்து பேராக ஊரோரத்துச் சியாகுல்லிக்கு ஓட்டினேன். மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில் போகும் அந்த ரோட்டைவிடக் குழி விழுந்த ரோடு எனக்குத் தெரியாது. ஒரு குழியையும் விலத்தவில்லை. வேண்டுமென்றே விழுத்தினேன். பின்னால் ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டாள்.

கராஜுக்குத் திரும்பியதும் எனக்கு முன்னரே அவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"வெள்ளை இல்லை, அண்ணை!"

நம்பவில்லை. டோர்ச் அடித்து நானே பார்த்தேன். இரண்டு டயரும் சுத்தக் கறுப்பு. விளிம்பில் சோக்கு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சொந்தக்காரர் வந்தார். "ஸ்பிரிங் பழசு, அதுதான் பிரச்சினை" என்று முதலாளி தொடங்கினார்.

"இல்லை" என்றேன். "நான் பிழையா இறுக்கினனான். இப்ப சரியா இறுக்கியிருக்கிறன். அஞ்சு பேரோடை சியாகுல்லி போய் வந்தனான்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வாளி தெரிந்தது. சொந்தக்காரர் விளிம்பைத் தடவி, விரலில் ஒட்டிய சோக்கைப் பார்த்தார். திறப்பை வாங்கி, காரை ஸ்டார்ட் செய்து கொண்டுபோனார்.

சனிக்கிழமை முழுக்கப் போன் மணிக்குப் பயந்துகொண்டு நாலு கார் கழுவினேன். போன் வரவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளி ஒரு காரின் திறப்பை என்னிடம் எறிந்தார்.

"கழுவவோ?" என்றேன்.

"குழிக்குள்ளை இறங்கு. ஸ்பிரிங் கத்துது. வாயையும் கொஞ்சம் மூடிக்கொண்டு வேலை செய்."

இறங்கினேன். போல்ட்டைத் தொடுவதற்கு முன் நாலு சில்லும் நிலத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.