சிதம்பரத்தின் முதுகும் ஆடி அஷ்டமியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நார்த்தாமலைப் பாறையில் ஏறினோம் — நானும் நண்பர் சிதம்பரமும். ஏறினோம் என்பது கொஞ்சம் அதிகப்படி. பாதிச் சரிவு வரை போய் உட்கார்ந்துவிட்டோம். டாக்டர் அனுமதித்தது அவ்வளவுதான்.

"யோவ், என் முதுகையே பாத்துக்கிட்டு வாரியே... கீழ பாறையப் பாத்து நட. நீ விழுந்து வச்சா ஒனக்கு யாரு பிரின்ட் போடுறது?" என்றார்.

கிண்டல் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. ஆறேழு மாதத்துக்கு முன்னால் இதே மனிதர் இடது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்.

சிதம்பரம் கீரனூரில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். நான் கல்வெட்டு பார்க்கப் போகும் இடமெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு கூடவே வருவார். கல்வெட்டில் அவருக்கு ஆர்வமே கிடையாது. "இத்தனை காலமா வெடிப்பு விடாம நிக்குதே... எந்த மேஸ்திரிய்யா?" என்பதோடு சரி.

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. தைலம், பெல்ட், மாத்திரை என்று ஓட்டினார். கால் மரத்துப்போனதும் மதுரைக்குப் போனோம். முதுகெலும்பின் நடுவே ஓர் எலும்பில் கட்டி. அந்த எலும்பையே முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன்.

எடுத்துவிட்டால்... அந்த இடத்தில் என்ன இருக்கும்?

அதற்குத்தான் ஸ்கேன். அதை வைத்து, இவருடைய எலும்பின் அளவுக்கே டைட்டானியப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி ஒரு துண்டை 'பிரின்ட்' செய்வார்களாம். கடையில் ரெடிமேடாக வாங்குவது அல்ல, இவருக்கென்றே செய்வது.

சிதம்பரம் கேட்டார்: "மேல பில்டிங் நிக்கும்போதே நடுத்தூணை உருவிட்டு வேற தூண் வைக்கிறாப்லங்களா சார்?"

"அதேதாங்க."

"முட்டுக் குடுப்பீங்கள்ல?"

"மேலயும் கீழயும் கம்பி, ஸ்க்ரூ போட்டுப் பிடிச்சுக்குவோம்."

"அப்ப சரி" என்றார், சைட்டைப் பார்த்து ஓகே சொல்கிற மாதிரி.

அவருக்குச் சரி. வீட்டில் சரியில்லை. மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதி ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. போதாததற்குத் தேய்பிறை அஷ்டமி.

அவர் மனைவி மீனாட்சி ஒரே பிடியாக நின்றார். "ஆவணி பொறக்கட்டும். எங்க அண்ணனை அஷ்டமியிலதான் ஆபரேஷனுக்குள்ள கொண்டு போனாக. திரும்பி வரல."

டாக்டருக்குப் போன் போட்டேன். "அந்தத் துண்டு ஸ்கேன்ல இருக்குற எலும்புக்கு அளவானதுங்க. ஒரு மாசம் தள்ளினா கட்டி வளரலாம், பக்கத்து எலும்பும் நொறுங்கலாம். அப்புறம் அது சேராது, திரும்ப அளவெடுத்துச் செய்யணும். அதுவரைக்கும் கால் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். மீனாட்சி பஞ்சாங்கத்தை என் முன்னால் வைத்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே. கல்வெட்டப் பாத்து ஊருக்கெல்லாம் தேதி சொல்றவக நீங்கதான?"

வாசகர்களுக்கு என்னைத் தெரியும். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் ஒரு தேதி பிசகினால் அடுத்த வாரமே திருத்தம் போடுகிறவன். அன்றைக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு திதியை மாற்றிச் சொல்லத் துணிந்தேன்.

"அன்னைக்குக் காலையிலயே அஷ்டமி முடிஞ்சிருதும்மா..."

"கண்ணாடியைக் கழட்டிட்டீங்களே அண்ணே. பொய் சொல்லும்போதுதான் கழட்டுவீங்க. அஷ்டமி ராத்திரி வரைக்கும் இருக்கு. நான் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

சிதம்பரம் கட்டிலில் படுத்தபடி, "கட்டி பஞ்சாங்கம் பாத்தா வளருது?" என்றார்.

மீனாட்சி திடீரென்று கேட்டார்: "அளவெடுக்க ஸ்கேன் எடுத்தாகளே... அது என்னைக்கு?"

புரட்டினேன். ஆனி, வியாழக்கிழமை, வளர்பிறைப் பஞ்சமி. இந்த முறை கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"நல்ல நாளா?"

"நல்ல நாள்தாம்மா."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "வீடு கட்டயில வாஸ்து பூஜைக்குத்தான நாள் பாப்பீங்க? கம்பி கட்டுறதுக்கும் காங்கிரீட் போடுறதுக்கும் பாப்பீங்களா?"

"அதுக்கெல்லாம் பாத்தா ஒரு வீடும் முடியாது."

"அப்ப வேலை ஆரம்பிச்சது ஸ்கேன் எடுத்த அன்னைக்கு. நல்ல நாள்லதான் ஆரம்பிச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை நடக்குறது பாக்கி வேலை." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிளம்புங்க."

நாம் எதற்கு நாள் பார்க்கிறோம்? பயத்தைக் கொண்டுபோய் ஒரு தேதியில் இறக்கி வைக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீனாட்சி இறக்கி வைக்க வேறொரு தேதியைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான்... அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "கச்சிதமா உக்காந்துருச்சும்மா. கால் விரலை அசைக்கிறார்" என்றார். மீனாட்சி டாக்டரைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்: "இன்னும் அஷ்டமிதான அண்ணே, நடந்துக்கிட்டிருக்கு?"

நிற்க. பாறைக்கு வருகிறேன்.

அந்த டைட்டானியத் துண்டில் நோயாளியின் பெயரும் எண்ணும் பொறித்திருப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுத்து என்றால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எந்த லிபியில பொறிச்சிருப்பாங்க? தேதி போட்டிருப்பாங்களா?" என்று சிதம்பரத்திடம் கேட்டுவிட்டேன்.

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "என்னைய எரிச்ச மறுநாள் பால் தெளிச்சு எலும்பு எடுப்பாகள்ல? அன்னைக்கு வந்து ஆற அமரப் படிச்சுக்கய்யா."

எழுத்து இருக்கிறது என்றால் எந்த முள்ளுக்காட்டுக்கும் போகிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் படிக்காமலே, அவரை முந்திக்கொண்டு நான் போய்விட வேண்டும்.