வெப்சைட்டில் கொட்டிய அருவி

வெப்சைட் செய்யும் வேலையை நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. குத்துக்கல்வலசை வீட்டு மாடியறையில் யூடியூப் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதனால் முதல் வேலை கிடைத்தபோது உம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். துபாயில் இருக்கும் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, அவர் கடையில் எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்.

"இந்தக் குத்தாலச் சீசன் முடியட்டும். இது சரிவரலன்னா பேசாம ஃபிளைட் ஏறிரணும், என்ன?" என்றார் உம்மா. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த முதல் வேலை குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு. அதை நடத்துகிற அக்காவின் பேச்சைக் கேட்பதற்காகவே பஸ் ஏறலாம். "ரூம் சின்னதுதான், மனசு பெருசுன்னு எழுதி வச்சிராதலே. வாறவன் கட்டிலத்தான் அளப்பான்" என்று முதல் நாளே சொன்னார்.

என் வித்தை எல்லாவற்றையும் அந்த வெப்சைட் பக்கத்தில் இறக்கினேன். திறந்ததும் திரை முழுக்க மெயின் அருவி வீடியோ. நல்ல ஐப்பசி மழையில் நண்பன் எடுத்தது. தண்ணீர் செல்போனை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் போலிருக்கும். அக்காவே, "ஏலே, நனைஞ்சிருவோம் போலிருக்கே!" என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

ஆனி பிறந்தது. சாரல் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, ரூம் படங்களை மாற்றுவதற்காக நான் லாட்ஜில் இருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. விருதுநகர்க் குடும்பம். இறங்கிய ஆண்கள் எல்லாரும் இடுப்பில் துண்டோடு நின்றார்கள். நேராக அருவியில் போய் நிற்கலாம் என்று வழியிலேயே கட்டிக்கொண்டு, அருவிக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுகூட நனையாமல் வந்திருந்தார்கள்.

"ஏம்மா, ஒங்க வெப்சைட்டப் பாத்துத்தான் ரூம் போட்டோம். அதுல அந்தக் கொட்டுக் கொட்டுது. இங்க பாறையத் தொடச்சு விட்ட மாதிரில இருக்கு!" என்றார் குடும்பத்தின் பெரியவர்.

அக்கா என்னைக் கைகாட்டினார். "இந்தா நிக்கான் பாருங்க, அந்த அருவியத் தெறந்து விட்டவன்."

"அப்ப இங்கயும் கொஞ்சம் தெறந்து விடுப்பா" என்றார் பெரியவரின் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காதுக்குள் ஃபிளைட் கிளம்புகிற சத்தத்தோடு.

அவர்கள் பாத்ரூமில் வரிசையாகக் குளித்துவிட்டு மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வேன் மறைந்ததும் அக்கா சொன்னார்: "ஏலே, அந்தப் பக்கத்த எடுத்துரு. எனக்கு ஃபோனு போதும். ஃபோன்லயாவது உள்ளதச் சொல்லுதேன்."

இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கக்கா என்று கெஞ்சிவிட்டு, ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு வரும் ஃபோன்களைக் கேட்டேன். வேலை தொடங்குமுன் செய்திருக்க வேண்டியது அது. கூப்பிட்ட எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" ரூமும் ஏசியும் அப்புறம்தான். அக்கா காலையில் மொட்டை மாடியில் ஏறி அருவியைப் பார்த்து வைத்துக்கொள்வார். ஓர் அளவுகோல் வைத்திருப்பதுபோலப் பதில் வரும். கொஞ்சமாக விழுந்தால், "தல மட்டும் நனையும்." பதமாக விழுந்தால், "முதுகத் தட்டிக் குடுக்கும்." வெள்ளம் என்றால், "ஆளத் தள்ளும், இப்பம் வராதீங்க."

வீடியோவைத் தூக்கினேன். பக்கத்தின் உச்சியில் 'இன்று அருவி' என்று எழுதி, அதற்குக் கீழே அக்காவின் வார்த்தைகளையே வைத்தேன். அவர் ஃபோனில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பட்டன். மாடியிலிருந்து இறங்கும்போது ஒன்றை அமுக்கினால் போதும்.

அக்கா தயங்கினார். "தண்ணி இல்லன்னு நாமளே மைக் போட்டுச் சொல்லணுமாக்கும்? எந்தக் கிறுக்கன் ரூம் போடுவான்?"

"ஃபோன்ல சொல்லுதீங்களேக்கா?"

"அது கேக்கவனுக்கு மட்டும். இது ஊருக்கேல்லா?"

ஆனாலும், "தல மட்டும் நனையும்" என்பதை அமுக்கினார். அந்த வாரம் ரூம்கள் கேன்சல் ஆயின. அக்கா புக்கிங் நோட்டில் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தார். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சாச்சா துபாயிலிருந்து வீட்டுக்கு ஃபோன் போட்டபோதெல்லாம், அவரிடம் மாட்டாமலிருக்க நான் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

பிறகு ஒரு விடியலில் மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. இலஞ்சியைத் தாண்டும்போதே பஸ் ஜன்னலில் சாரல் தெறித்தது. நான் லாட்ஜுக்குள் நுழைந்தபோது அக்கா "முதுகத் தட்டிக் குடுக்கும்" அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காபி ஆறுவதற்குள் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் விருதுநகர்ப் பெரியவரின் குரல்.

"ஏம்மா, தட்டிக் குடுக்கும்னு போட்டிருக்கே, நெசமா? இல்ல அந்தத் தம்பி தெறந்து விட்டதா?"

"நான் அமுக்குனது அண்ணாச்சி. கண்ணால பாத்துட்டுத்தான் அமுக்குனேன். போன வாரமும் பாத்திருப்பீயளே, இல்லன்னுதான போட்டிருந்தேன்?"

"அதப் பாத்துத்தாம்மா இத நம்புதேன். ரூம எடுத்து வைங்க. துண்டக் கட்டிட்டே வரலாம்ல?"

"கட்டிட்டே வாங்க!"

ஃபோனை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, துபாய்ல அருவி உண்டா?"

"இல்லக்கா."

"அப்பம் அங்கன உனக்கு என்ன சோலி? பக்கத்து லாட்ஜுக்காரர் உன் நம்பர் கேக்காரு. குடுக்கவா, வேண்டாமா?"