மேகத்துக்கு மேலே வெதுவெதுப்பு

பைலட் என்று தெருவே கூப்பிட்ட அந்த மனிதர் விமானம் ஓட்டியவர் இல்லை. வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அதுவும் பெரிய ஆராய்ச்சி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் மொட்டை மாடி ஏறி, முந்தின நாள் மழையை அளந்து, வெப்பமானியைப் பார்த்து, காற்றில் சுழலும் நாலு கிண்ணக் காற்றுமானிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கி வர வேண்டும். மறுநாளும் அதேதான். நாளைக்கு மழை வருமா என்று யாராவது கேட்டால், "நேத்து எவ்வளவு பெஞ்சதுன்னு வேணா சொல்றேன்" என்பார். அவ்வளவு நிதானம்.

பைலட் என்ற பட்டத்தைச் சூட்டியது அவர் மனைவி. கேலிக்குத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர். நிரூபிக்காத எதையும் வீட்டுக்குள்ளும் ஒப்புக்கொள்ள மாட்டார். கல்யாணமான முதல் வாரத்தில் கணவர் ஒரு கதை சொன்னார். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஐம்பத்தோரு வருடமாக ஓயவில்லை.

கதை இதுதான். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, மேலே போகப் போகக் காற்று எப்படி மாறுகிறது என்று பார்க்க, விடியற்காலையில் ஒரு விமானத்தை அனுப்புவார்கள். மரச்சட்டம், துணி, கம்பி, அவ்வளவுதான் விமானம். இறக்கைக் கம்பியில் ஒரு கருவிப் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். ஓட்டுபவருக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து மேகத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். அந்த இன்னொருவர் அலுவலகத்தில் எல்லாரும் இடக்கையர் என்று கூப்பிட்ட மூத்த ஊழியர். ஒரு நாள் காலையில் இடக்கையருக்கு வயிற்றுப்போக்கு. புறப்படுகிற நேரத்தில் கோட்டையும் தொப்பியையும் கழற்றி இவர் கையில் திணித்துவிட்டு மறைவான இடம் தேடி ஓடினார். இவர் ஏறிவிட்டார். மேலிடத்துக்குத் தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும் என்பதால் பதிவேட்டில் இடக்கையர் பெயரே இருந்தது.

"மேகத்துக்குள்ள போனப்ப குளிர் பல்ல உடைச்சிடுச்சு. அதத் தாண்டி மேல வந்தா, வெதுவெதுன்னு இருந்துச்சு. அப்புறம் அதிகாரி மாதிரி அமைதியா இறங்கி வந்தேன்" என்று கதையை முடிப்பார்.

டீச்சர் அந்த வெதுவெதுப்பில்தான் பிடித்துக்கொண்டார். "மலை மேல ஏறினா குளிருது. இவரு மேகத்துக்கு மேல போனாராம், அங்க அடுப்பு மூட்டி வச்சிருந்தாங்களாம்! யார் காதுல பூ சுத்துறீங்க?"

சில நாட்களில் காற்று அப்படித் தலைகீழாக இருப்பதுண்டு என்று புத்தகத்தைப் பிரித்தே காட்டினார் அவர். "காத்து அப்படி இருக்கலாம். நீங்க அங்க இருந்தீங்களாங்கறதுதான் கேள்வி" என்றார் டீச்சர். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களும் அம்மா கட்சியில் சேர்ந்தார்கள். இடக்கையர் சாட்சி சொல்லாமலே காலமானார். பைலட்டுக்கு உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் கவலையில்லை. டீச்சர் ஒருத்தர் நம்பினால் போதும். அதைத்தான் எழுபத்தாறு வயது வரை விடாமல் எதிர்பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் நிலையத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஒரு தகர டப்பாவில் அந்த வானிலை விமானத்தைப் பற்றிய ஊமைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது, யார் யார் என்று அடையாளம் சொல்ல அந்தக் கால ஊழியர் ஒருவர் வந்தால் உதவியாக இருக்கும் என்றிருந்தது. அன்று காலை ஓடுபாதையில் கேமராவோடு ஒருவர் நின்றது பைலட்டுக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளுக்கு முன்பே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

"நானும் வர்றேன். குட்டு வெளிப்படும்போது பக்கத்துல ஆள் வேணாமா?" என்றார் டீச்சர்.

படநிலையத்தில் அவர்களை அழைத்துப் போனவர் சுருள்களைப் பழுதுபார்க்கும் பெண். வெள்ளைக் கையுறை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, அறை முழுக்கப் புளித்த வாசனை. பைலட் சொன்ன இடக்கையர் கதையைக் கேட்டுக்கொண்டே மூன்று நாற்காலி போட்டு, விளக்கை அணைத்து, படத்தை ஓட்டினார்.

சுவரில் அந்த ஓடுபாதை வந்தது. விமானம் வந்தது. ஓரத்தில் வானிலை நிலையத்தின் மொட்டை மாடி தெரிந்தது. முழங்கால் வரை கோட்டு, தோல் தொப்பி, கண்ணாடி, மூக்கு வரை சுற்றிய துணியோடு ஓர் உருவம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. முகத்தில் ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. அது நோட்டைப் பிரித்தது. பென்சிலை எடுத்தது. எழுதியது.

இடது கையால்.

அதற்கப்புறம் படம் எதுவும் பைலட்டின் மனதில் ஏறவில்லை. கிளம்பும் காட்சியோடு முதல் சுருள் முடிந்து விளக்கு எரிந்தது.

"அப்ப இது இடக்கையர்தானே ஐயா? பதிவேட்டுலயும் அவர் பேர்தான் இருக்கு" என்றார் அந்தப் பெண், எழுதிக்கொள்ளத் தயாராக.

பைலட் டீச்சரைப் பார்த்தார். இப்போது வரும், ஐம்பத்தோரு வருடச் சிரிப்பு மொத்தமாக வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் கையை மெல்லத் தட்டிக் கொடுத்து, "பரவால்லங்க. ரொம்ப நாளாச்சு. மனசு எதையாவது எதோடயாவது சேத்துக்கும். வாங்க, போலாம்" என்றார்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கேலி செய்தவரைக்கும் சண்டை போட ஓர் ஆள் இருந்தார், இப்போது பரிதாபப்படுகிறார். ஒருவேளை நான் போகவே இல்லையோ என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார்.

மறுபடி ஓடியது. இந்த முறை அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஓரத்தில் தெரிந்த மொட்டை மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய காற்றுமானி, சின்னக் காற்றில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார்.

"நிறுத்து! அது தப்பாச் சுத்துது!"

"எது ஐயா?"

"கிண்ணம்! முப்பத்தாறு வருஷம் அதுக்கு எண்ணெய் விட்டிருக்கேன். எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் அது ஒரே பக்கம்தான் சுத்தும். நம்ம முன்னாடி வர்ற கிண்ணம் வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் போகணும். இது இடப்பக்கத்துலேருந்து வலப்பக்கம் போகுது!"

"படம் பின்னாலேருந்து ஓடுதோ என்னவோ" என்றார் டீச்சர், டீச்சர் புத்தி விடாமல்.

"ஆளுங்க முன்னாடிதானே நடக்கறாங்க?" என்றார் அவர்.

அந்தப் பெண் சுருளைக் கழற்றி விளக்கொளியில் சாய்த்து, பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! இது ஒரிஜினல் இல்ல, பிரதி. அந்தக் காலத்துல பிரதி எடுத்தவரு ஃபிலிமோட பக்கத்த மாத்திப் போட்டிருக்காரு. கண்ணாடியில பாக்கற மாதிரி எல்லாம் இடம் வலம் மாறியிருக்கு. படத்துல எங்கயாவது ஒரு எழுத்து இருந்திருந்தா அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சுருளைத் திருப்பிப் போட்டார். கிண்ணங்கள் சரியான பக்கம் சுழன்றன. பின்சீட்டு உருவம் பென்சிலை எடுத்தது. வலது கையால் எழுதியது. டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இரண்டாவது சுருள் இருக்கு, இறங்கி வர்றது" என்றார் அந்தப் பெண். அதையும் திருப்பியே மாட்டினார்.

பைலட் திடீரென்று, "அது வேணாமே. நேரமாச்சு" என்றார்.

"உக்காருங்க" என்றார் டீச்சர்.

விமானம் தரையைத் தொட்டு, துள்ளி, நின்றது. பின்சீட்டு ஆள் குதித்தார். தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசினார். இருபத்திரண்டு வயது முகம், ஒட்டிய கன்னம், அதே பெரிய காதுகள், சுவர் முழுக்க. பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுபாதையில் வட்டம் வட்டமாக ஓடினார். ஆடினார். கோட்டு தடுக்கி விழுந்தார். எழுந்து, அருகில் நின்ற பெட்ரோல் பீப்பாய்க்கு முத்தம் கொடுத்தார்.

டீச்சர் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொய்! எல்லாம் பொய்! 'அதிகாரி மாதிரி அமைதியா இறங்கி வந்தேன்'னு சொன்னீங்களே, ஐம்பத்தோரு வருஷமா!"

"அது மட்டும்தான் கொஞ்சம்..." என்று பைலட் காதைச் சொறிந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் வாழ்க்கையில் மாட்டிக்கொண்டதே இல்லை.

அந்தப் பெண் அட்டையில் இடக்கையர் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொன்னது டீச்சர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார் டீச்சர். வெளியே மேகம் தாழ்வாகப் படிந்திருந்தது. அவரைத் தாண்டி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்த டீச்சர், கணவர் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"ஏங்க, நிஜமாவே அங்க வெதுவெதுன்னா இருந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்க."