கேளிக்கைத் தலைப்பில் ஓர் உபாத்தியாயினி

1. சத்தமாக வாசித்தது

முனிசிபல் சபையின் வரவுசெலவு எஸ்டிமேட்டை ஆபீஸ் கதவில் ஒட்டிய அன்று, அதை ஊருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

எந்தச் சபை என்று எழுதப் போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்பது போதும். அங்கே பெண்பிள்ளைப் பள்ளிக்கு நான் உபாத்தியாயினியாக வந்து ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். என் அய்யா இராஜபாளையத்திலிருந்து பஞ்சு மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர். சனிக்கிழமைகளில் பாரத்தை இறக்கிவிட்டு, நான் தங்கியிருந்த அத்தை வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

அன்றும் சனிக்கிழமை. ஆபீஸ் கதவு முன்னால் கூட்டம். ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று சொல்லும் குன்றுக்குப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பியவர்கள்கூட நின்றுவிட்டார்கள். வரி ஏறுகிறதா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

"ஏலே, செத்த வழி விடுங்க. எம் மக வாசிப்பா," என்றார் அய்யா.

வகுப்பில் வாசிப்பதைவிடச் சத்தமாக வாசித்தேன். தெருவிளக்கு, ரஸ்தா, குப்பை வண்டி. பிறகு ஊருணிக்குக் கரை கட்ட வாங்கிய கடனுக்கு சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய தவணையும் வட்டியும். அடுத்த தலைப்பு, "தோட்டமும் கேளிக்கையும்". அதன் கீழே பூங்காவின் தோட்டக்காரர் பெயர், தண்ணீர் இறைப்பவர் பெயர், மாலையில் அங்கே வாசிக்கும் நாகசுரக்காரர் பெயர். நான்காவதாக, "உபாத்தியாயினி பேச்சியம்மாள்."

என் பெயரென்று புத்திக்கு எட்டுவதற்குள் வாய் வாசித்து முடித்திருந்தது.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "கேளிக்கைக்குப் பொம்பள வச்சிருக்காவளா? சொல்லவே இல்லையே!"

கூட்டம் சிரித்தது. அய்யா சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர் அல்ல அவர். ஜமீன் விசேஷங்களுக்கு ஆட்டக்காரிகளை வண்டியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்.

2. அந்தத் தலைப்பு வந்த வழி

திங்கட்கிழமை ஹெட்கிளார்க்கிடம் போய் நின்றேன். வயதானவர். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"கடன் வாங்கினா தவணையத்தாம்மா மொதல்ல எடுத்து வைக்கணும், அது ரூலு," என்றார். "அது போனா கல்வித் தலைப்புல பையன்க பள்ளிக்கூடத்துக்கே இழுபறி. தோட்டத் தலைப்புல மட்டும் பணம் கெடக்கு. பெரிய துரை, அதான் கலெக்டர், ஆசைப்பட்டு சாங்ஷன் பண்ணுனது, அதுல யாரும் கைவைக்க முடியாது. அதுல வாத்திய மேடைன்னு போட்டிருந்தத இன்னும் கட்டல. அந்த மிச்சத்துலதான் உங்களக் கொண்டு வச்சேன். இல்லன்னா உங்க உத்தியோகமே இல்ல."

"அதுக்குக் கேளிக்கைன்னா எழுதணும்?"

"இங்கிலீஷ்ல ரெக்ரியேஷன். அகராதியில அப்படித்தான் இருந்துச்சு."

"இளைப்பாறுதல்னு எழுதியிருக்கலாமே?"

"பள்ளிக்கூடத்துல தூங்குறதுக்குச் சம்பளம்னு பேசுவாங்கம்மா."

அவர் கேலி செய்யவில்லை. எனக்காக அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஊருணியில் இறங்கினேன். புதுக் கரை, புதுப் படி.

"ஏட்டி பேச்சி, பாட்டு மட்டுந்தானா, ஆட்டமும் உண்டா?" என்றாள் ஒருத்தி. அவள் மகள் என் வகுப்பில் இருக்கிறாள்.

"ஆடுனா கூடக் குடுப்பாவட்டி. எம்புட்டுன்னு அந்தக் கதவுலயே ஒட்டுவாவ," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வெறுங்குடத்தோடு திரும்பினேன். அந்தக் கடன் மேல் எனக்குக் குறை இல்லை. கலங்கல் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ஆனால் அதற்காகப் பையன்கள் பள்ளி வாத்தியார் எவரையும் பூங்காக் கணக்குக்கு அனுப்பவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள்.

மறு சனிக்கிழமை அய்யா வாசலிலேயே நின்றுகொண்டார். "துணிமணிய எடு. வண்டி கட்டுதேன். நமக்கு அந்தத் துட்டு வேண்டாம்."

"ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கேன் அய்யா. செவ்வாக்கிழமை விசாரிக்காவ. அது முடியட்டும்."

"மாத்தலன்னா?"

"வாரேன்," என்றேன்.

3. ஆட்சேபணை விசாரணை

சபை கூடும் அறையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றதில்லை. கதவை ஒட்டி நின்றேன். அய்யா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹெட்கிளார்க் என் மனுவை வாசித்தார். அவர் குரலில் கேட்டபோது, நான் எழுதிய சொற்கள் கெஞ்சுவதுபோல் இருந்தன.

மெம்பர்களில் ஒருவர் ஜவுளிக்கடை ராவுத்தர். எனக்காகப் பேச எழுந்தார். "பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறது கேளிக்கைன்னா, நாம மாசாமாசம் இங்க கூடி வெத்தில போடுறது எந்தத் தலைப்புல வரும்வே?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனாலும் சிரித்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது என்னை.

சேர்மன் கையைக் காட்டி அமர்த்தினார். "இந்தா பாரும்மா. கல்வித் தலைப்புல ஆள் பேரு கூட்ட முடியாது. ஆனா சில்லறை உதவின்னு ஒரு தொகை போடலாம். பையன்க பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டு வாங்கி ஒங்கிட்டக் குடுத்திருவாரு. ஒம் பேரு எங்கயுமே வராது. மானத்துக்கும் பங்கமில்ல."

"அது போதும் சாமி," என்றார் ஜன்னலிலிருந்து அய்யா.

எனக்கும் ஒரு நிமிஷம் அது போதும் என்றுதான் இருந்தது. ஊருணிப் படி கண்ணில் வந்தது. அடுத்ததாகத் தவணையும் கண்ணில் வந்தது. வரும் வருஷமும் அது உண்டு. பணம் போதாவிட்டால் சில்லறை உதவியைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டும்போது அங்கே ஒரு பள்ளிக்கூடமோ, ஓர் உபாத்தியாயினியோ இருந்ததாகவே தெரியாது.

"என் பேரு இருக்கட்டும்," என்றேன்.

"அந்தத் தலைப்புலயா?"

"ஆமா." அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது உடம்பு முழுக்கக் கூசியது.

நான் வெளியே வந்தபோது ஜன்னலில் அய்யா இல்லை. அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் அவர் வண்டி அத்தை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

4. கையெழுத்து

மாதச் சம்பளப் பட்டியலில் மூன்று கைநாட்டுகளுக்குக் கீழே என் கையெழுத்து. நான் குனியும்போது ஹெட்கிளார்க் மையொற்றும் தாளைத் தலைப்பின் மேல் வைத்து மறைப்பார். அவர் மறைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாயிருக்கும். ஆனாலும் ஒரு மாதம்கூட அதை எடுக்கச் சொல்லவில்லை.

மறுவருஷ எஸ்டிமேட் ஒட்டிய அன்று நானாகப் போகவில்லை. அய்யா வந்து கூப்பிட்டார். கூட்டம் கலைந்த பிறகு இருவரும் அந்தக் கதவு முன்னால் நின்றோம்.

பாளையங்கோட்டையில் இப்போது உபாத்திமைக்குப் படிக்கும் பெண்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல ஒன்று உண்டு. கதவில் ஒட்டிய தாளை முதலில் மனதுக்குள் வாசியுங்கள். நான் அன்று அப்படித்தான் வாசித்தேன், மேலிருந்து கீழே, உதடு அசையாமல்.

"இருக்கா?" என்றார் அய்யா.

"இருக்கு."

"அங்கனயேதானா?"

"அங்கனயேதான்."

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"ஒம் பேரு எதுன்னு காட்டு," என்றார்.

காட்டினேன். தலைப்பு இருந்த இடத்தை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் காட்டினேன்.