வயல் நடுவே பறந்த வேகன்

ரீகாவில் எங்கள் ஆலை விமான இன்ஜின் செய்தது. ஸெல்மாவுக்கு அதைச் சோதிக்கும் வேலை. மேடையில் இன்ஜினைப் பொருத்தி, முன்னால் மரவிசிறியைப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். அது உறுமியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. விளக்கெண்ணெய் குடித்து ஓடுகிற இன்ஜின்; மாலையில் அவள் முகமெல்லாம் மினுங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் வருஷக் கோடையில் ஜெர்மன் படை நெருங்கவே, ஆலையைக் கழற்றி ரயிலேற்றித் தெற்கே அலெக்சாண்ட்ரோவ்ஸ்க்குக் கிளம்பினோம். பாதி வழியில், கோதுமை வயல் நடுவே எங்களை ஓரமாக நிறுத்திவிட்டு, ரயில் இன்ஜினை ராணுவம் கொண்டுபோய்விட்டது. ரொட்டி தீர்ந்தது. அடுத்த ஸ்டேஷன் கண்ணுக்கே தெரியவில்லை.

"வர்றப்ப வரும், உக்காருங்க" என்றார் மேஸ்திரி இந்த்ரிகிஸ்.

"ரயில் பூரா இன்ஜினை வெச்சுக்கிட்டு இன்ஜின் இல்லைன்னு அழறோமே மேஸ்திரி!" என்றாள் ஸெல்மா.

முதல் திறந்த வேகனில்தான் சோதனை மேடை இருந்தது, இன்ஜினும் அதிலேயே.

"அது பறக்கிற இன்ஜின்டி!"

"பறக்க வேணாம், உருண்டாப் போதும்."

மாலைவரை ரயில் எதுவும் இல்லை என்றான் பாதைக் காவலன். அந்த வேகனை மட்டும் கொக்கி கழற்றிப் பிரித்தோம். ஸெல்மா விசிறியைப் பூட்டிச் சுற்றிவிட்டாள். வேகன் முனகியது, நகர்ந்தது, பிறகு பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த இன்ஜினுக்கு மெதுவாக ஓடத் தெரியாது. வாத்துக்கூட்டம் சிதறியது. நான் மேடைக் காலைக் கட்டிக்கொண்டேன். மேஸ்திரி முதலில் கடவுளைக் கூப்பிட்டார்; பிறகு எண்ணெய் வழியும் தாடியோடு, "இன்னும் விடு! இன்னும் விடு!" என்று குதித்தார்.

ஸ்டேஷன் தெரிந்ததும் அவள் இன்ஜினை அணைத்தாள். நானும் மேஸ்திரியும் கைப்பிரேக் சக்கரத்தில் தொங்கி அதைச் சுற்றினோம். வந்த வேகத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பொர்ஃபீரியின் தொப்பி பறந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"ரயில் எங்கம்மா?"

"இதுதாங்க."

"இழுத்துட்டு வந்தது?"

"காத்து."

அவர் ஓடிப்போய் ரயில் இன்ஜின் டிப்போவுக்கு நடந்ததைத் தந்தி அடித்தார். 'குடித்திருக்கிறாயா?' என்று பதில் வந்தது. மறுபடி அடித்தார்: 'இல்லை. காற்றில் வந்த பெண் என் எதிரில் தர்பூசணி தின்கிறாள்.'

உடனே ஒரு ரயில் இன்ஜினில் டாக்டரை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாகர் என்று ஒல்லியான ஆள். பொர்ஃபீரியின் நாடியைப் பிடித்தபடியே வேகனைப் பார்த்தார், பிறகு ஸெல்மாவைப் பார்த்தார்.

"நிஜமாவே ஓடுமா?"

"ஏறுங்க டாக்டர். கண்ணாடியைக் கழட்டிப் பைல போட்டுக்கங்க."

நாடி பார்க்கக் கொடுத்த கையை நீட்டியபடியே பொர்ஃபீரி நிற்க, டாக்டர் வேகனில் ஏறிப் போயே போய்விட்டார். திரும்பி வந்தபோது தலைமயிர் நெட்டுக்குத்தலாக நின்றது.

அவர் வந்த ரயில் இன்ஜினே வயலில் நின்ற எங்கள் ரயிலை அலெக்சாண்ட்ரோவ்ஸ்க் வரை இழுத்தது. அங்கே புதுக் கொட்டகையில் ஸெல்மா மறுபடி இன்ஜின்களைச் சோதித்தாள். பனி விழுமுன் டாக்டர் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வேலை மாற்றி வந்தார். வசந்தத்தில் கல்யாணம். பாதிரியார் சம்மதம் கேட்டபோது ஸெல்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.