வாசலில் கழற்றிய சப்பாத்து

வீட்டுக்கு அடியில வயிறு தேயத் தவழ்ந்து ஈரத்தை அடைக்கிறதுதான் என்ர தொழில் எண்டு சொன்னா, எங்கட சனம் கேக்கிற முதல் கேள்வி, "ஏன் தம்பி, மேல ஒரு வேலையும் கிடைக்கேல்லையோ?" மொன்றியலில வீடு வாங்கி, பனி கரையிற மாசத்தில மூக்கைப் பொத்திக்கொண்டு திரியிற உங்களுக்கு என்ர பாடு விளங்கும். வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவில ஒரு மூண்டடி இடைவெளி இருக்கும். அதுதான் கிரால் ஸ்பேஸ். மண்ணில இருந்து எழும்புற ஈரம் வீட்டுக்குள்ள ஏறாமல் தடிச்ச பிளாஸ்டிக் விரிப்பை விரிச்சு, சுவர் வரைக்கும் ஏத்தி, பொருத்தெல்லாம் டேப் ஒட்டி, வெளிக்காத்து வாற ஓட்டையளை அடைச்சு, ஈரம் உறிஞ்சுற மெஷின் ஒண்டும் வைக்கவேணும். எத்தினையோ வீடு செய்திட்டன். போன சித்திரையில பக்கத்து ஊர் லவாலில செய்த வீட்டை நினைச்சா மட்டும் இப்பவும் நெஞ்சு படபடக்குது.

ஒரு ஜாக்கெட்டின்ர மணம்

சுமதி அக்கா தன்ர வீட்டிலயே ஆறு பிள்ளையளை வச்சு கார்டெரி, அதுதான் பிள்ளை பராமரிப்பு நிலையம், நடத்திறா. ஒரு தாய் வந்து, "என்ர மகன்ர ஜாக்கெட் பூஞ்சணம் மணக்குது" எண்டு சொல்லிப்போட்டுப் போனவளாம். சும்மா போகேல்ல, மேலிடத்துக்கும் எழுதிப்போட்டாள். வெள்ளிக்கிழமை பரிசோதகர் வாறா எண்டு கடிதம் வந்திட்டுது. எங்களுக்கு அக்கா போன் எடுத்தது திங்கக்கிழமை பின்னேரம்.

செவ்வாய் காலமை நானும் ஜூட் அண்ணையும் போனம். அவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், இந்த வேலையை எனக்குப் பக்கத்தில கிடந்து செய்யிறவர். தாழ்வாரத்து அலுமாரிக்குள்ள தரையில ஒரு மூடி. அதைத் திறந்ததும் குப்பெண்டு அடிச்சுது. உள்ள வெறும் மண், அதில மூண்டு மூட்டை அரிசி வேற, அடி கறுத்துப்போய்க் கிடந்துது. அக்கா என்ர முகத்தைப் பாத்திட்டா.

"தம்பி, வெள்ளிக்கிழமை அந்த மனுசி மூக்கைச் சுழிச்சா, திங்கக்கிழமை இந்த ஆறு தாய்மாருக்கும் நான் என்னெண்டு சொல்லுறது?"

சூடான காத்து

புதன்கிழமை மத்தியானம் பாதி விரிப்பு விரிச்சாச்சு. ஆனா உள்ள போனா கண்ணில போட்ட கண்ணாடி வேர்க்குது, மேல மரமெல்லாம் துளி துளியா நிக்குது. ஈரம் அளக்கிற கருவி குறையிறதுக்குப் பதிலா ஏறுது. எனக்கு விசர் பிடிச்சுது. ரெண்டு நாள்தான் கிடக்குது, தண்ணி எங்கயிருந்து வருகுது எண்டே தெரியேல்ல.

தவழ்ந்து தவழ்ந்து கடைசி மூலைக்குப் போனா, அங்க உடுப்புக் காய வைக்கிற மெஷினின்ர குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடக்குது. பிள்ளையளின்ர துவாயும் விரிப்பும் காயக் காய அந்த நீராவி முழுக்க கிரால் ஸ்பேசுக்குள்ள! ஆர் பாத்த வேலை எண்டு கேட்டன். அக்காவின்ர மனுசன் பாலா அண்ணை, கையைப் பின்னால கட்டிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"பின்னை, அவ்வளவு சூட்டையும் வெளியில விட்டுக் கனடாவையோ சூடாக்கச் சொல்லுறீர்?"

முன்வாசலில

குழாயை அண்டைக்கே வெளியால திருப்பிவிட்டம். வியாழன் காலமை வெளியில நிண்டு ஓட்டையள் எல்லாத்தையும் நானே அடைச்சன். உள்ள பொருத்து ஒட்டுறதுதான் மிச்சம்.

எங்கட வேலையில ஒரு சட்டம் இருக்கு. விரிப்புக் கிழியும் எண்டு சப்பாத்தோட உள்ள போறேல்ல. மூடிக்குப் பக்கத்தில கழட்டி வச்சிட்டுத்தான் இறங்குறது. சப்பாத்து நிண்டா ஆள் உள்ள எண்டு அர்த்தம், மூடியில ஒருத்தரும் கை வைக்கப்படாது. அதை அக்காவுக்கும் முதல் நாளே சொல்லி வச்சனான். ஆனா தமிழ் வீட்டுக்குள்ள ஆர் சப்பாத்தோட நடப்பினம்? பனி கரைஞ்ச சேறு வேற. ஜூட் அண்ணை முன்வாசலிலயே கழட்டிப்போட்டுக் காலுறையோட போய் இறங்கியிருக்கிறார். மூண்டு நாளும் அப்பிடித்தான் போனவர். ரெண்டு நாள் நானும் மூடியடியில நிண்டபடியால் ஒரு கேடும் வரேல்ல. அண்டைக்கு டேப் முடியப்போகுதெண்டு நான் வானை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனன்.

திரும்பிவர முக்கால் மணித்தியாலம். வாசலில ஆறு சோடி குட்டிச் சப்பாத்து, பக்கத்தில அண்ணையின்ர பெரிய சோடி. "அண்ணை எங்க அக்கா?" எண்டன். "உங்களோடயெல்லோ சாப்பிடப் போனவர்?" எண்டா. கடவுளே! அவ பாக்கேக்க மூடியடியில சப்பாத்தைக் காணேல்ல, வாசலில வானும் இல்லை. பிள்ளையள் நித்திரையால எழும்பினா விழுந்திடுங்கள் எண்டு மனுசி மூடியைப் பூட்டி, மேல விளையாட்டுச் சாமான் பெட்டியையும் இழுத்து வச்சிட்டா. அண்ணை சீனி வருத்தக்காரர், மத்தியானம் சாப்பிடவும் இல்லை, போன் வானுக்குள்ள. காத்து வாற வழியெல்லாம் அடைச்சவனும் நான்தான். முன்னறையில பிள்ளையள் கை தட்டித் தட்டி பிரெஞ்சுப் பாட்டுப் படிக்குதுகள். அக்கா, "ஐயோ, ஒரு மனுசனைக் கொண்டுபோட்டேனே" எண்டு குழற, பெட்டியைத் தள்ளி விழுத்திப்போட்டு, பூட்டைத் திறந்து மூடியை இழுத்தன். பிடி ரெண்டு தரம் வழுக்கிப்போச்சு. திறந்தா, வேர்த்து விறுவிறுத்து, உதடு வெளிறி, அண்ணை நேரா கீழ படுத்திருக்கிறார். அழுதிட்டன், சொல்ல வெக்கமில்லை.

"தட்டிப் பாத்தன், பாட்டுச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்ல. இருந்த டேப்புக்குக் கடைசிப் பொருத்தையும் ஒட்டிப்போட்டன். முதல்ல இனிப்பா ஏதும் தாடா."

கடைசிக் கேள்வி

தேத்தண்ணியில நாலு கரண்டி சீனி போட்டுக் குடிச்சு, நிறம் திரும்பின பிறகு, அண்ணையே சொன்னார், நாளைக்கு இதைப்பற்றி ஒருத்தரும் மூச்சு விடப்படாது எண்டு. நாங்களும் ஓம் எண்டம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஈரம் உறிஞ்சுற மெஷினைப் பூட்டி முடிக்க, "போன்ஜூர்" எண்டுகொண்டு பரிசோதகர் வந்தா. டோர்ச் அடிச்சுப் பாத்தா, மணந்து பாத்தா, கருவியைப் பாத்தா. எல்லாம் திறம். அக்காவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துது. பேந்து அந்த மனுசி கடுதாசியைத் திருப்பி, பிரெஞ்சில கடைசிக் கேள்வி கேட்டா: இந்தக் கிழமை வீட்டில ஏதும் விபத்து நடந்ததோ? நான் சுவரைப் பாத்தன். அண்ணை கண்ணால வேண்டாம் எண்டார். அக்கா வாழைப்பழம் தின்னுற பிள்ளையளை ஒருக்காப் பாத்திட்டு, உடைஞ்ச பிரெஞ்சில ஒண்டும் விடாமல் சொல்லத் தொடங்கினா. பேனை ஓடுது, ஓடுது, நிக்கவே இல்லை.

எழுதி முடிச்சு, அந்த மனுசி முதல்ல அண்ணையிட்டச் சுகம் கேட்டா. உள்ளயிருந்தும் திறக்கிற பூட்டுப் போடவேணும், திங்கக்கிழமை காலமை வந்து பாப்பன், அது சரியெண்டா பிள்ளையள் வரலாம் எண்டிட்டுப் போனா. பின்னேரமே பூட்டை மாத்தினன். திங்கக்கிழமை வந்தா, உள்ள இறங்கி, தானே மூடித் தானே திறந்து பாத்திட்டுக் கையெழுத்து வச்சா. ஏனக்கா சொன்னீங்கள் எண்டு பிறகு கேட்டன்.

"தம்பி, பொய் சொல்லப்படாது எண்டு அதுகளுக்கு ஒவ்வொரு நாளும் நான்தானே சொல்லிக்குடுக்கிறன், ஆறும் என்ர வாயையே பாத்துக்கொண்டு இருக்குதுகள், நான் என்ன செய்ய?"

எத்தினையோ வீட்டுக்கு அடியில தவழ்ந்திருக்கிறன், உண்மை சொல்லுற வீட்டுக்காரியைக் கண்டது இந்த ஒரு வீட்டிலதான், அதுவும் அந்தப் பேனை நிக்கும் வரைக்கும் என்ர தொழில் போச்செண்டு நினைக்க வச்சு.